மதுரையிலிருந்து காஷ்மீர் ஏரிகளுக்கு: கணவாய் ஏறப் போகிறவர்களுக்கான கையேடு

சோனாமார்கில் ஏறி நாரநாக்கில் இறங்கும் காஷ்மீர் ஏரிப் பாதை ஏறக்குறைய 70 கி.மீ., ஏழு நாள் நடை. விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்கபல், நுந்த்கோல் என்று ஏரிக்குப் பின் ஏரி. இடையில் நிச்நை, கட்சர், ஜஜ் என மூன்று கணவாய்கள். கயிறு பிடித்துத் தொங்கும் இடம் கிடையாது. நல்ல உடல்நலமும் மூன்று மாத உழைப்பும் இருந்தால் மதுரைக்காரர் ஒருவர் தாராளமாக நடந்துவிடலாம். அப்படியும் சமவெளியிலிருந்து போகிறவர்களில் சிலர் முதல் இரண்டு நாளிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குக் காலில் பலம் இருக்கும். உயரத்தை அவசரமாக ஏறியதுதான் அவர்களைப் படுக்க வைக்கிறது.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீ. உயரத்தில் இருக்கிறது. கட்சர் கணவாய் சுமார் 4,200 மீ. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். இதற்கு உடம்பு பழகும், ஆனால் நாள் கொடுக்க வேண்டும். லீவு கணக்கைப் பார்த்து அந்த நாளை வெட்டுவதுதான் பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம்.

பாதையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

3,000 மீட்டருக்கு மேல் போனால், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 500 மீட்டரைத் தாண்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட எங்கே படுத்தீர்கள் என்பதே முக்கியம்.

இந்த விதியை வைத்து ஏரிப் பாதையை அளந்து பாருங்கள். சோனாமார்க் சுமார் 2,750 மீ. முதல் நாள் முகாமான நிச்நை சுமார் 3,500 மீ. ஒரே நாளில் 750 மீ. ஏற்றம். அடுத்த நாள் நிச்நை கணவாயை, அதாவது சுமார் 4,100 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,700 மீ. உயரத்திலுள்ள விஷன்சரில் இறங்குகிறோம். அதற்குப் பிறகு கட்சர், சத்சர், கங்கபல் எல்லாமே 3,600 மீ. சுற்றுவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆகவே, உயரத்தால் வரும் ஆபத்து முழுவதும் முதல் மூன்று இரவுகளில் குவிந்து கிடக்கிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நிச்நை கணவாயைத் தாண்டிவிட்டால் நீங்கள் கிஷன்கங்கா ஆற்றின் நீர்ப்பிடிப்புக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். அங்கிருந்து சோனாமார்க் திரும்பவும் கணவாய் ஏற வேண்டும், நாரநாக் போகவும் கணவாய் ஏற வேண்டும். உடம்பு சரியில்லாத ஆளை 'கொஞ்சம் கீழே இறக்கு' என்று சொன்னால், அங்கே நேராகக் கீழே இறங்க வழியில்லை. அதனால் இந்தப் பயணத்தின் மிக முக்கியமான முடிவை எடுக்க வேண்டிய இடம் நிச்நை முகாம், இரண்டாம் நாள் காலை. அங்கிருந்து சோனாமார்க் வெறும் இறக்கம்தான். தலைவலி விடாமல் இருக்கிறவர், இரவு வாந்தி எடுத்தவர், காலையில் கஞ்சிகூட வேண்டாம் என்கிறவர் கணவாய்ப் பக்கம் போகக் கூடாது. குழுவிலிருந்து ஒருவர் கூடவே இருந்து அந்த நாள் அங்கேயே தங்கலாம். மாலைக்குள் தெளியவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். இதை மதுரையிலேயே, எல்லோரும் உட்கார்ந்து டீ குடிக்கும்போதே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மலையில் வைத்துப் பேசினால், மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கூச்சத்தில் நோயாளியே பொய் சொல்வார்.

இதற்கான பரிகாரம் எளிது. ஸ்ரீநகரில் (சுமார் 1,600 மீ.) ஓர் இரவு, சோனாமார்கில் இரண்டு இரவு. இரண்டாம் நாள் பகலில் சோனாமார்கைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் 300 மீ. ஏறி இறங்கி வாருங்கள். விஷன்சரில் கட்டாயம் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்குக் கிஷன்சர் வரை நடந்து திரும்பலாம். மொத்தம் 13 நாள் லீவு இல்லாமல் இந்தப் பாதையை யோசிக்க வேண்டாம்.

முன்னேற்பாடு என்று கொடைக்கானலில் ஒரு வார இறுதி தங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கால் பயிற்சிக்கு அது நல்லதுதான், ஆனால் உயரப் பழக்கத்துக்கு உதவாது. 2,100 மீட்டரில் உடம்பு பெரிதாக மாறுவதில்லை, மாறிய கொஞ்சமும் மதுரை திரும்பிய சில நாளில் போய்விடும்.

எப்போது, எப்படிப் போவது

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஜூலை தொடக்கத்தில் நிச்நைப் பக்கம் பனி கிடக்கும். பூக்கள் வேண்டுமானால் ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை. தெளிந்த வானம் வேண்டுமானால் செப்டம்பர், ஆனால் இரவுக் குளிர் பூஜ்யத்தைத் தொடும், சத்சரின் சில குட்டைகள் வற்றிப்போயிருக்கும். அமர்நாத் யாத்திரையின் பால்தல் வழியும் சோனாமார்க் தாண்டித்தான் போகிறது. யாத்திரை நாட்களில் சாலைக் கட்டுப்பாடு இருக்கும், அறை கிடைப்பது கஷ்டம். யாத்திரை முடிந்த பிறகு போவதே நிம்மதி.

விமானம் என்றால் சென்னை அல்லது டெல்லி வழி. ரயில் விரும்பிகளுக்கு திருநெல்வேலி–கத்ரா ரயில் மதுரை வழியாகவே போகிறது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. எந்தக் கிழமை என்பதை முன்பதிவின்போது சரிபாருங்கள். 2025 ஜனவரியில் திறந்த சோனாமார்க் சுரங்கப்பாதையால் கடைசிக் கட்டச் சாலை எளிதாகிவிட்டது.

2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்பதை ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறையிடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு. அசல் ஆதார் அட்டையும் நான்கு நகலும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு இருக்கட்டும். பிற மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் ஸ்ரீநகர், சோனாமார்க் வரைக்கும்தான். மலைக்குள் சிக்னலை எதிர்பார்க்காமல், ஒரு வாரம் பேச முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மதுரையிலேயே பயிற்சி

பன்னிரண்டு வாரம். முதல் நான்கு வாரம் மூச்சுக்கு. வாரம் நான்கு நாள், காலை ஐந்து மணிக்கே, வண்டியூர் கண்மாய்க் கரையிலோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ வேக நடையும் மெது ஓட்டமும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். நான்காம் வாரக் கடைசியில் 5 கி.மீ. தூரத்தை 40 நிமிடத்துக்குள்ளும், பன்னிரண்டாம் வாரத்தில் 35 நிமிடத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் ஓடுவது பயிற்சியைவிட உடம்பை வாட்டுவதாகத்தான் முடியும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஏற்றம். படி ஏறுவதற்குக் கீழக்குயில்குடி சமணர் மலை நல்ல இடம். பாறையில் வெட்டிய படிகள் ஒரே அளவில் இல்லாததே அதன் நன்மை. நீளமான ஏற்றத்துக்குக் கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை போகும் மலைப்பாதை (பையில் வெளியே தெரிகிற மாதிரி எதையும் வைக்காதீர்கள், குரங்குகள் விடாது). இரண்டுக்கும் போக முடியாத நாளில் ஐந்து மாடிக் கட்டடம் போதும். மாடி ஒன்றுக்கு 3 மீ. என்றால் இருபது முறை ஏறினால் 300 மீ. கணக்கு.

பையில் எடை வைத்து ஏறுங்கள். முதலில் 4 கிலோ, பத்தாம் வாரத்தில் 8 கிலோ. கல்லோ டம்பெல்லோ வேண்டாம், தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். உச்சிக்குப் போனதும் பாதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு இறங்கலாம். ஏற்றத்தில் தொடைக்குப் பயிற்சி கிடைத்துவிடும், இறக்கத்தில் பழகாத முழங்காலுக்குப் பாரம் குறையும். முழு எடையோடு இறங்குவதைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இறக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கங்கபலிலிருந்து நாரநாக் வரை கடைசி நாளில் மட்டும் 1,300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு ஈடான ஒரு பாதை உண்டு. கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கத்திலுள்ள கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதை. வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை இதில் இறங்கிப் பாருங்கள். மறுநாள் தொடை எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் தேர்வு முடிவு. இரண்டாம் நாளும் படி இறங்க முடியவில்லை என்றால், ஒரு காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் மூன்று சுற்று கூட்டுங்கள்.

சிறுமலை, மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே நடந்தாலும் அனுமதியில்லாத காட்டுப் பாதைக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. காய்ந்த புல்வெளியில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தோடு மனிதன் ஓட முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழக அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு உட்பட 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். தீக்காலத்தில் அவை மூடப்பட்டிருக்கும், அப்போது படிக்கட்டே போதும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். எந்த வயதானாலும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், பெண்கள் குறிப்பாக. ரத்தசோகையோடு உயரத்துக்குப் போனால் எவ்வளவு பயிற்சியும் வீண். குறைவு என்று தெரிந்தால் சரிசெய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதனால் முதல் வாரத்திலேயே பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

ஷூவை முதலில் வாங்குங்கள். கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத, ஆழமான பல் உள்ள அடிப்பாகம். மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுப் பாருங்கள். விரலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் காலை ஒட்டிய அளவில் வாங்கினால் நாரநாக் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். குறைந்தது 60 கி.மீ. நடந்து பழக்காத ஷூவை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உடையில் பருத்தியை மறந்துவிடுங்கள். நம் ஊரில் பருத்திதான் தெய்வம். ஆனால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பனியன், கணவாயில் காற்று அடிக்கும்போது உடல் சூட்டை இழுத்துவிடும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன் மூன்று, நடுவில் ஒரு ஃப்ளீஸ், முகாமில் போட, பறவைத் தூவி அடைத்த ஒரு டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே மழை ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி, அதில் ஒரு ஜோடி தூங்க மட்டும். காதை மூடும் குல்லா, கையுறை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி. ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் புறஊதாக் கதிர் கூடுகிறது, வெயிலில் வளர்ந்த தோல் என்று சன்ஸ்க்ரீனை விட்டுவிடாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 5 டிகிரி வசதி அளவில், அதாவது அந்தக் குளிரிலும் வசதியாகத் தூங்கக்கூடியதாக இருக்கட்டும். உறையில் எழுதியுள்ள எண் வசதி அளவா, உயிர் பிழைக்கும் அளவா என்று கேட்டு வாங்குங்கள். தரையில் விரிக்கும் பாய் மெலிதாக இருந்தால் எவ்வளவு நல்ல பையும் வேலைக்காகாது. கீழே நசுங்கிய பஞ்சு சூட்டைத் தடுக்காது. ஊன்றுகோல் இரண்டு, ஹெட்லேம்ப், பவர்பேங்க். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே இரவில் போனையும் பவர்பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். இன்சுலின் எடுப்பவர்களும் அதை உறைய விடாமல் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பையைக் குதிரைக்காரரிடம் கொடுப்பவர்கள் மழை ஜாக்கெட், ஃப்ளீஸ், மருந்து, 2 லிட்டர் தண்ணீர், உணவு, ஹெட்லேம்ப் ஆகியவற்றைத் தோளிலேயே வைத்திருங்கள். குதிரை வேறு வேகத்தில் போகும், நடுவழியில் மழை பிடித்தால் சாமான் கைக்கு எட்டாது.

சாப்பாடும் தண்ணீரும்

உயரத்தில் பசி செத்துவிடும், சாப்பிடாவிட்டால் குளிரைத் தாங்க முடியாது. நாவுக்குப் பழகியதைக் கொண்டுபோனால் உள்ளே இறங்கும். கடலைமிட்டாய், பொட்டுக்கடலை, இஞ்சி மொரப்பா, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். வறுத்த ரவையில் தாளிசம் சேர்த்த உப்புமா மிக்ஸ் நன்றாக உதவும். அரிசி வேண்டும் என்றால் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும்.

தண்ணீர் நாளைக்கு 3 முதல் 4 லிட்டர். ஆடு மாடு மேயும் புல்வெளி என்பதால் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். குளோரின் மாத்திரை என்றால் அரைமணி நேரம், பனி உருகிய குளிர்ந்த தண்ணீருக்கு இன்னும் கூடுதல் நேரம் விடுங்கள்.

நடக்கும்போது

காலை ஆறரைக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும். பிற்பகலில் மேகம் கூடி இடி மின்னல் வருவது வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் முகட்டிலும் ஏரிக்கரையிலும் நிற்காமல் இறங்குங்கள், ஊன்றுகோலைத் தள்ளி வையுங்கள். ஓடைகளுக்கும் இதே கணக்குதான். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், வெயிலில் பனி உருகிப் பிற்பகலில் தொடை வரை ஏறும். கடக்கும்போது இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும். வெறுங்காலோடு இறங்காமல் பட்டை வைத்த செருப்போடு, நீர் வரும் திசையைப் பார்த்து, கோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள்.

ஏற்றத்தில் வேகம் எவ்வளவு? மூக்கால் மூச்சுவிட்டு, ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். அதைத் தாண்டினால் குறையுங்கள். பத்து நிமிடம் பாய்ந்து ஐந்து நிமிடம் உட்காருவதைவிட, நிற்காமல் சின்னச் சின்ன அடியாக வைப்பவர்தான் கட்சர் ஏற்றத்தில் முதலில் மேலே நிற்பார். சத்சருக்கும் கங்கபலுக்கும் இடையே பெரிய பாறைக் குவியல்கள் வரும். ஈரமாக இருந்தால் கோலை மடித்துப் பையில் செருகிவிட்டுக் கையால் பிடித்து நடப்பது பத்திரம். அந்த நாளில் ஜஜ் கணவாய் மேலே நின்றால் நுந்த்கோல், கங்கபல் இரண்டும் ஒருசேரத் தெரியும், பின்னால் 5,142 மீ. ஹர்முக். அங்கே அரைமணி நேரம் இருக்க நேரம் ஒதுக்கியே காலையில் கிளம்புங்கள்.

உடம்பு சொல்வதைக் கவனியுங்கள்

தலைவலியோடு குமட்டல், அசதி, மயக்கம், தூக்கமின்மை சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பித்தம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. அசெட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது) உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். வழக்கமான தடுப்பு அளவு 125 மி.கி. காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அது இயல்பு. ஊரில் இருக்கும்போதே மருத்துவரைக் கேட்டு ஒருநாள் போட்டுப் பாருங்கள்.

இரண்டு நிலைகளில் இரவா பகலா என்று பார்க்காமல் இறக்க வேண்டும். ஒன்று, நேர்க்கோட்டில் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. அது மூளை வீக்கம். இன்னொன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரைத்த சளி. அது நுரையீரலில் நீர் கோப்பது. மருந்தும் ஆக்சிஜனும் நேரம் வாங்கித் தரும், குணமாக்குவது இறக்கம். ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் குளிர்ந்திருந்தால் தப்பான எண் காட்டும், எண் நன்றாக இருந்தாலும் ஆள் தள்ளாடினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கடைசி இறக்கம்

கங்கபலில் முந்தின மாலையே கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். காலையில் ஷூவின் கணுக்கால் பகுதிக் கயிற்றை இறுக்கி, விரல் பகுதியைத் தளர்த்திக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது. ஊன்றுகோலை 5 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். முதல் சூடு தெரிந்த உடனே, கொப்புளம் வருமுன்பே, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பைன் காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் செங்குத்து அதிகம், அதற்குள் கால் சோர்ந்திருக்கும், பெரும்பாலான சறுக்கல்கள் அங்கேதான். குப்பை முழுவதும், பிஸ்கட் உறை வரை, உங்கள் பையிலேயே கீழே வரட்டும். நாரநாக்கிலிருந்து கங்கன் வழியாக ஸ்ரீநகருக்கு அன்று மாலையே வந்துவிடலாம். ஆனால் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ மறுநாளுக்குப் போடாமல் ஒரு நாள் விட்டுப் போடுங்கள். மழையால் ஒரு கணவாய் ஒரு நாள் தள்ளிப்போனால், டிக்கெட்டுக்குப் பயந்து மேகத்துக்குள் ஏற வேண்டியிருக்காது.